சிறுவயதில் ஆடிய ஃபைட்டிங் கேமுக்குத் திரும்புவது எப்படி: முழுமையான வழிகாட்டி

இருபது வருஷம் கழித்து ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ஐயோ டெக்கன் 3-ஐயோ மறுபடி திறப்பவர்கள் பலர், முதல் நாளே "வயசாகிப்போச்சு, கையில் வேகம் இல்லை" என்று முடிவுகட்டி மூடிவைத்துவிடுகிறார்கள். அவசரத் தீர்ப்பு அது. பெரும்பாலும் கேம் வேறு வெர்ஷனாக இருக்கும், டிவி தாமதமாகக் காட்டும், பட்டன்கள் இடம் மாறியிருக்கும். இவற்றைச் சரிசெய்யாமல் பழகினால் தவறான நேரக்கணக்குதான் கையில் ஏறும். பிறகு அதை மறக்கடிக்க இரட்டை உழைப்பு.

அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். முதல் ஐந்து படிகள் கருவியைப் பற்றியவை, ஒரு மாலையில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வருபவை கையையும் தலையையும் பற்றியவை, அவற்றுக்குச் சில வாரங்கள் பிடிக்கும். உதாரணங்களை இந்த இரண்டு கேம்களிலிருந்தே எடுத்திருக்கிறோம். முறை மற்ற ஃபைட்டிங் கேம்களுக்கும் பொருந்தும்.

1. கையில் இருக்க வேண்டியவை

கேம் அதிகாரபூர்வத் தொகுப்பாகவோ, உங்களிடமே இருக்கும் பழைய டிஸ்க், கார்ட்ரிட்ஜாகவோ இருக்கட்டும். ஸ்ட்ரீட் ஃபைட்டரைப் பொறுத்தவரை 2018-இல் வந்த 30-ஆம் ஆண்டு நிறைவுத் தொகுப்பே போதும். 12 ஆர்கேட் (கடையில் காசு போட்டு ஆடும் மெஷின்) கேம்கள் அதில் உண்டு, இரண்டாம் பாகத்தின் ஐந்து வெர்ஷன்களும் சேர்த்து.

கன்ட்ரோலர் இரண்டு வேண்டும். ஒன்று நல்ல டி-பேட் (சிலுவை வடிவத் திசைப் பட்டன்) உள்ளதாக, வயரோடு இருக்கட்டும். இன்னொன்று எதுவானாலும் சரி. பழைய ஆர்கேட் கேம்களில் பயிற்சி மோட் கிடையாது. இரண்டாவது கன்ட்ரோலரைத் தொடாமல் வைத்தால், அசையாமல் நிற்கும் எதிராளி கிடைத்துவிடுவார்.

விநாடிக்கு 240 ஃபிரேம் (தனிப்படம்) ஸ்லோ மோஷன் எடுக்கும் போன், ஒரு நோட்டு, பேனா. அவ்வளவுதான்.

ஆர்கேட் ஸ்டிக்கை இப்போதே வாங்காதீர்கள். சிறுவயதில் கன்ட்ரோலரில் ஆடியவருக்கு ஸ்டிக் புத்தம் புதுக் கருவி. கேமையும் கருவியையும் ஒரே நேரத்தில் கற்கப்போய் இரண்டும் பிடிபடாமல் போகும். ஆர்கேட் கடையில் மட்டுமே ஆடியவருக்குத்தான் முதல் நாளே ஸ்டிக் அவசியம்.

2. ஆடியது எந்த வெர்ஷன் என்று கண்டுபிடியுங்கள்

"ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2" என்று நினைவில் இருப்பது குறைந்தது ஐந்து கேம்களில் ஒன்று. வேகம், அடியின் பலம், ஸ்பெஷல் மூவ் எல்லாம் ஒவ்வொன்றிலும் மாறும். நினைவில் இருக்கும் மூவ் இந்த வெர்ஷனில் இல்லையென்றால் எத்தனை முறை முயன்றாலும் வராது. அடையாளம் காணும் வழி இது.

எட்டு பேரை மட்டும் தேர்ந்தெடுக்க முடிந்தது, இருவரும் ஒரே ஆளை எடுக்க முடியவில்லை என்றால் அது 1991-இன் முதல் வெர்ஷன். பன்னிரண்டு பேர், பால்ராக், வேகா, சகாட், பைசன் நால்வரையும் எடுக்கலாம் என்றால் 1992-இன் சாம்பியன் எடிஷன் அல்லது ஹைப்பர் ஃபைட்டிங். ரியூவும் கென்னும் காற்றில் சுழல் உதை விட்டார்கள், சுன்-லி கையிலிருந்து பந்து வந்தது என்றால் ஹைப்பர் ஃபைட்டிங். கேமி, ஃபெய் லாங், டீ ஜே, டி. ஹாக் இருந்தால் 1993-இன் சூப்பர். அதோடு திரையின் அடியில் சூப்பர் பட்டையும் இருந்தால் 1994-இன் சூப்பர் டர்போ.

இன்னொன்றும் உண்டு. ரியூ காற்றில் குதித்தபடியே ஹடூகன் (கையிலிருந்து பாயும் பந்து) விட்டதும், ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் ஆட்டத்தின் நடுவிலேயே ஆள் மாறியதும் நினைவிருக்கிறதா? அது ரெயின்போ எடிஷன் போன்ற, யாரோ மாற்றியமைத்த திருட்டு வெர்ஷன். அதிகாரபூர்வத் தொகுப்பு எதிலும் அதைத் தேடிப் பயனில்லை. ஹைப்பர் ஃபைட்டிங்கிலிருந்து தொடங்குங்கள், அதற்கு மிக நெருக்கமானது அதுதான்.

டெக்கன் 3-இல் வேறு சிக்கல். வீட்டு வெர்ஷனில் ஆரம்பத்தில் பத்து பேர்தான் தெரிவார்கள். மற்றவர்கள் ஆர்கேட் மோடை முடிக்க முடிக்கத் திறப்பார்கள், அந்தக் கணக்கு மெமரி கார்டில் பதிவாகும். நினைவில் இருக்கும் ஆள் திரையில் இல்லையென்றால் கேம் பழுதில்லை. மெமரி கார்ட் செருகியிருக்கிறதா, சேவ் ஆகிறதா என்று பாருங்கள்.

3. வேகமும் திரை வடிவமும்

பழைய கன்சோல்களில் 50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் என்று இரண்டு வகை டிவி முறை. 60-க்காக எழுதிய கேமை அப்படியே 50-இல் ஓட்டினால் சுமார் 17 சதவீதம் மெதுவாகும். பிளேஸ்டேஷன் டிஸ்கின் குறியீட்டு எண் எஸ்.எல்.இ.எஸ் அல்லது எஸ்.சி.இ.எஸ் என்று தொடங்கினால் அது 50 வகை. எஸ்.எல்.யு.எஸ், எஸ்.சி.யு.எஸ் என்றால் 60. 2018-இல் வந்த பிளேஸ்டேஷன் கிளாசிக் என்ற சின்னக் கன்சோலில் உள்ள டெக்கன் 3-ம் 50 வகைதான்.

60-ஐயே தேர்ந்தெடுங்கள். ஆர்கேட் அந்த வேகத்தில்தான் ஓடியது, ஆன்லைனில் ஆடுபவர்களும் அந்த வேகத்தில்தான் ஆடுகிறார்கள். சிறுவயதில் 50-இல் ஆடியவருக்கு முதல் சில நாட்கள் கேம் பறப்பது போலத் தோன்றும். அது பழகிவிடும்.

அடுத்து, திரையை 4:3 விகிதத்தில் வையுங்கள். அகல டிவியில் இழுத்து நிரப்பினால் ஆட்கள் குண்டாகத் தெரிவது மட்டும் பிரச்சினை இல்லை. கிடைத்தூரம் கண்ணுக்குப் பெரிதாகிறது, செங்குத்துத் தூரம் மாறுவதில்லை. உதை எட்டுமா எட்டாதா என்று கண் போடும் கணக்கு தப்பிப்போகும். இந்த கேம்கள் முழுக்க அந்தக் கணக்கில்தான் நடக்கின்றன.

4. தாமதத்தை அளந்து குறையுங்கள்

பட்டனை அழுத்தியதற்கும் திரையில் ஆள் அசைவதற்கும் இடையே உள்ள நேரம்தான் லேக். பழைய குழாய் டிவி படத்தைத் தாங்கிவைக்காமல் வந்த வேகத்தில் காட்டியது. இன்றைய டிவி படத்தை வாங்கி, மெருகேற்றி, பிறகு காட்டுகிறது. சிறுவயது கை பழகியது குழாய் டிவிக்கு. அதே கை, அதே நேரத்தில் அழுத்தினாலும் இப்போது அடி தாமதமாக விழுகிறது.

கணக்கு இப்படி. 60 ஃபிரேமில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிவிநாடி. கண்ணில் பட்டதும் விரல் அசைய மனிதருக்குச் சுமார் 250 மில்லிவிநாடி, அதாவது 15 ஃபிரேம் ஆகும். எதிராளி குதித்து உங்கள் தலைக்கு வர அரை விநாடியை ஒட்டித்தான் இருக்கிறது, 30 ஃபிரேம் என்று வையுங்கள். டிவியும் கன்ட்ரோலரும் சேர்ந்து 8 ஃபிரேமை விழுங்கினால், அவர் குதிக்கிறார் என்று உணர்ந்து முடிவெடுக்க மிஞ்சுவது 7. இளைஞருக்கும் அது போதாது.

அளக்கும் முறை: கன்ட்ரோலரைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, விரலும் திரையும் ஒரே படத்தில் தெரியும்படி 240 ஃபிரேமில் வீடியோ எடுங்கள். லைட் பன்ச் பட்டனைப் பத்து முறை, இடைவெளி விட்டு அழுத்துங்கள். பிறகு வீடியோவை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி, பட்டன் முழுக்க அமுங்கியதிலிருந்து ஆள் முதல்முறை அசைவது வரை எண்ணுங்கள். வீடியோவின் ஒரு ஃபிரேம் சுமார் 4.2 மில்லிவிநாடி. 24 ஃபிரேம் வந்தால் 100 மில்லிவிநாடி, கேம் கணக்கில் 6 ஃபிரேம். பத்தின் சராசரி 100-க்குள் இருந்தால் நிம்மதியாக ஆடலாம். 130-ஐத் தாண்டினால் அடுத்த படிக்குப் போகாதீர்கள், முதலில் இதைக் குறையுங்கள்.

குறைக்கும் வரிசை:

முதலில் டிவியில் கேம் மோடைப் போடுங்கள். பெரும்பாலான டிவிகளில் இது ஒன்றே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். அசைவை மென்மையாக்கும் வசதி எந்தப் பெயரில் இருந்தாலும் அணையுங்கள். அது அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு இடையில் புதுப்படம் செருகுவது, அதனால் காத்திருந்தே ஆக வேண்டும்.

அடுத்து ஒலி. புளூடூத் ஹெட்போனை ஒதுக்கிவிட்டு வயர் உள்ளதைப் போடுங்கள். அடி விழும் சத்தத்தை வைத்துத்தான் கை அடுத்த பட்டனுக்குப் போகிறது. சத்தம் பின்தங்கினால் காம்போ (தடுக்க இடமில்லாமல் தொடரும் அடிவரிசை) குலையும்.

பழைய கன்சோலை மஞ்சள் பின் வயரோடு, மலிவான ஹெச்.டி.எம்.ஐ மாற்றி வழியாக இணைப்பதுதான் மிகப் பரவலான தவறு. அந்தக் கன்சோல்கள் அனுப்புவது 240 வரிப் படம். மலிவான மாற்றிகள் அதை 480 வரி இன்டர்லேஸ் என்று தவறாக எடுத்துக்கொண்டு, இரண்டிரண்டு படங்களைப் பின்னிக் காட்டுகின்றன. ஆட்களின் காலடி நிழல் சீராக மின்னாமல் சீப்பு வரிகளாகத் தெரிந்தாலோ, ஒரேயடியாக மறைந்தாலோ இதுதான் காரணம். ரெட்ரோடிங்க், ஓ.எஸ்.எஸ்.சி போன்ற, 240 வரியைப் புரிந்துகொள்ளும் கருவி தேவைப்படும். குழாய் டிவி ஒன்று வேலை செய்யும் நிலையில் கிடைத்தால் அதற்கு ஈடு இல்லை.

எமுலேட்டரில் (பழைய கன்சோலைப் போல நடிக்கும் மென்பொருள்) ஆடுபவருக்கு, அப்படி ஒன்றான ரெட்ரோஆர்ச்சில் ரன்-அஹெட் என்ற வசதி உண்டு. கேமுக்கு உள்ளேயே இருக்கும் தாமதத்தை அது முன்கூட்டி ஓடிக் கழிக்கிறது. எத்தனை ஃபிரேம் வைப்பது என்று ஊகிக்க வேண்டாம். 'பி' விசையால் நிறுத்தி, கன்ட்ரோலரில் பன்ச்சை அழுத்திப் பிடித்தபடி 'கே' விசையால் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துங்கள். எத்தனையாவது தட்டலில் ஆள் அசைகிறாரோ, அதில் ஒன்றைக் கழித்து வையுங்கள். அதிகமாக வைத்தால் அடியின் முதல் படங்களே காணாமல் போய், ஆட்கள் துள்ளித் துள்ளி நகர்வார்கள்.

5. பட்டன்களை அன்று இருந்தபடியே வையுங்கள்

சூப்பர் நின்டெண்டோவில் ஆடியவருக்கு ஹெவி பன்ச் இடது தோள் பட்டனில், ஹெவி கிக் வலது தோள் பட்டனில். இன்றைய தொகுப்புகள் பல, இரண்டையும் வலது தோளிலேயே வைக்கின்றன. இடது கை ஆள்காட்டி விரல் தானாக அழுத்தும், திரையில் ஒன்றும் நடக்காது. மெனுவில் போய் அன்றிருந்த இடத்துக்கு மாற்றுங்கள். விரலின் பழைய நினைவு இன்னும் அப்படியே இருக்கும், அதை வீணாக்குவானேன்.

செகா மெகா டிரைவின் மூன்று பட்டன் கன்ட்ரோலரில் ஆடியவர்கள் விதிவிலக்கு. பன்ச்சுக்கும் கிக்குக்கும் நடுவே ஸ்டார்ட் பட்டனால் மாறிக்கொண்டிருந்த பழக்கத்தைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். ஆறு பட்டனைப் புதிதாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

திசைக்கு டி-பேட் மட்டும். அனலாக் ஸ்டிக் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போக நேரம் எடுக்கும், மூலைவிட்டத் திசைகள் வழுக்கும்.

6. மோஷன்களைக் கைக்குத் திரும்பக் கொண்டுவருதல்

கம்ப்யூட்டர் கீபோர்டின் எண் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். 5 நடு, 6 முன், 2 கீழே, 4 பின், 3 கீழ்-முன், 1 கீழ்-பின். ரியூவின் ஹடூகன் 2-3-6, பன்ச். மேலெழும் குத்தான ஷோரியூகன் 6-2-3, பன்ச். எல்லாம் வலப்பக்கம் பார்த்து நிற்கும் ஆளுக்கு.

முதலில் மெதுவாகச் செய்யுங்கள். அவசரப்படுபவர் கையில் 3 விடுபட்டு 2-6 என்று போகும், வெறும் பன்ச்தான் வரும். கட்டைவிரலைத் தூக்கித் தூக்கி அழுத்தாமல், டி-பேடின் மேல் ஒட்டியபடியே உருட்டுங்கள்.

என்ன தவறு வருகிறதோ அதற்கேற்பத் திருத்தம்:

ஹடூகன் போட்டால் குதிக்கிறார்: விரல் 6-ஐத் தாண்டி 9-க்கு (மேல்-முன்) போகிறது. 6-இல் நிறுத்துங்கள்.

வெறும் பன்ச் வருகிறது: பட்டன் முந்துகிறது. 6-ஐத் தொடும் அதே கணத்தில் அழுத்துங்கள், அதற்கு முன் வேண்டாம்.

ஹடூகனுக்குப் பதில் ஷோரியூகன் வருகிறது: முன்னால் நடந்துகொண்டே போட்டிருக்கிறீர்கள். நடந்த 6, பிறகு 2, 3 என்று கேம் படித்துவிட்டது. விரலை ஒரு கணம் நடுவில் விட்டுப் பிறகு தொடங்குங்கள்.

அழுத்தாமலே ஸ்பெஷல் வருகிறது: ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இல் பட்டனை அழுத்தும்போது மட்டுமல்ல, விடும்போதும் ஸ்பெஷல் வரும். பட்டனை அழுத்திப் பிடிக்கும் பழக்கம் இருந்தால் விடுங்கள், தட்டிவிட்டு எடுங்கள்.

கைல் போன்ற சார்ஜ் ஆட்களுக்கு விதி வேறு. பின்பக்கம் சுமார் ஒரு விநாடி பிடித்து, முன், பன்ச் என்றால் சோனிக் பூம். அவசரப்பட்டு முக்கால் விநாடியில் விடுபவர்களுக்கு வராது. 1-இல், அதாவது கீழ்-பின்னில் உட்கார்ந்தால் சோனிக் பூமுக்கும், மேல்நோக்கிச் சுழலும் ஃபிளாஷ் கிக்குக்கும் ஒருசேரச் சார்ஜ் ஏறும். அதனால் கைலின் வீடே அந்த மூலைதான்.

ஒரு தடவைக்கு இருபது நிமிடம் போதும். வலது பக்கம் பார்த்துப் பத்து, இடது பக்கம் பார்த்துப் பத்து என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். அண்ணனோ நண்பனோ எப்போதும் முதல் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டதால், ஒரு பக்கம் மட்டுமே தெரிந்த கைகள் நிறைய. பத்தில் எட்டு வரும் வரை அடுத்த மூவுக்குப் போக வேண்டாம். கட்டைவிரல் அடியில் வலித்தால் அன்றைக்கு நிறுத்துங்கள். மரத்துப்போவது போல இருந்தால் சில நாள் விடுங்கள், வலியைத் தாங்கிக்கொண்டு பழகுவது தசைநாரைக் கெடுக்கும்.

7. காம்போவுக்கு முன்னால் தடுப்பு

சிறுவயதில் எல்லாரும் அடிக்கத்தான் கற்றோம். தடுக்க யாரும் சொல்லித் தரவில்லை. திரும்பி வருபவருக்கு மிக வேகமாக முன்னேற்றம் தருவது இந்தப் படிதான், இதையே எல்லாரும் தாண்டிப் போகிறார்கள்.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இல் உட்கார்ந்து தடுப்பதுதான் இயல்பு நிலை. கீழ்-பின்னைப் பிடித்திருந்தால் தரையிலிருந்து வரும் ஏறத்தாழ எல்லா அடியும் தடுபடும். குதித்து அடிப்பவருக்கு மட்டும் எழுந்து நில்லுங்கள்.

டெக்கன் 3-இல் தலைகீழ். நின்று தடுப்பதுதான் இயல்பு. இடுப்பு உயரத்துக்கு வரும் நடு அடிகள், உட்கார்ந்திருப்பவரைத் தடுப்பையும் மீறி அடிக்கும், சில மேலே தூக்கிவிடும். பெரிய கீழ் அடிகள் மெதுவானவை, பார்த்து உட்காரலாம். ஒரு கேமின் பழக்கத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோய் அடிவாங்குபவர்கள் ஏராளம்.

டெக்கனின் எடி என்ற ஆளை வைத்துக்கொண்டு கிக் பட்டன்களைத் தாறுமாறாக அழுத்தும் நண்பரைச் சமாளிக்கவும் இதுவே வழி. நின்று தடுங்கள், தரையோடு வரும் உதைக்கு உட்கார்ந்து தடுங்கள், உடனே எழும்போதே வலது கிக்கை அழுத்துங்கள். பெரும்பாலான ஆட்களுக்கு எழும்போது வரும் அந்த உதை வேகமானது. பத்து அடி காம்போக்களும் இதே போலத்தான். நடுவில் எங்கே கீழ் அடி வருகிறது என்று டெக்கனின் வீட்டு வெர்ஷனில் உள்ள பயிற்சி மோடில் ஒருமுறை பார்த்துக் குறித்துவைத்தால், பிறகு பயமில்லை.

பயிற்சிக்கு நண்பரை அழைத்து, ஒரு ரவுண்டு முழுக்கத் தடுக்க மட்டும் செய்யுங்கள். தோற்பது உறுதி. எந்த அடியைத் தடுக்க முடியவில்லை என்பதை நோட்டில் எழுதுங்கள்.

8. குதிப்பவரை வீழ்த்துவதும் த்ரோவும்

குதித்து வருபவரைக் காற்றிலேயே அடிக்க ஒரே ஒரு பதில் வைத்துக்கொள்ளுங்கள். ரியூவுக்கு ஷோரியூகன் சிறந்தது. அது வராத நாளில் உட்கார்ந்து ஹெவி பன்ச். இரண்டில் எது என்று அந்தக் கணத்தில் யோசித்தால் இரண்டும் வராது.

அடுத்தது த்ரோ. "பிடிச்சு எறியறது கள்ளாட்டம்" என்று சிறுவயதில் சண்டை போட்டிருப்போம். ஆனால் தடுத்துக்கொண்டே இருப்பவருக்கு அதைத் தவிர வேறு பதில் கிடையாது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இல் மிக அருகே போய் முன்னோ பின்னோ பிடித்து மீடியம் அல்லது ஹெவி பன்ச். தூரம் சற்று அதிகமானால் சாதாரண அடியாக மாறிவிடும். எறியப்பட்டவர் அடியைக் குறைத்துச் சமாளிக்கும் வசதி சூப்பர் டர்போவில்தான் வந்தது. அதற்கு முந்தைய வெர்ஷன்களில், அருகே விடாமல் இருப்பதே பாதுகாப்பு.

9. ஒரே ஒரு காம்போ

ரியூ: குதித்து ஹெவி கிக், தரை தொட்டதும் உட்கார்ந்து மீடியம் கிக், அதிலிருந்தே ஹடூகன்.

சூட்சுமம் நடுவில் இருக்கிறது. மீடியம் கிக் போடும்போதே விரல் 2-இல் இருக்கிறது. அதை விட்டு நடுவுக்கு வந்து, மறுபடி 2-3-6 போட்டால் நேரம் போய்விடும். 2-இலிருந்து அப்படியே 3, 6 என்று உருட்டி, உதை பட்ட கணத்தில் பன்ச்சை அழுத்துங்கள். குதித்து அடிக்கும் உதை முடிந்தவரை தாமதமாக, எதிராளியின் மார்புக்கு நேரே பட வேண்டும். தலைக்கு மேலேயே பட்டுவிட்டால், நீங்கள் இறங்குவதற்குள் அவர் தடுக்கத் தயாராகிவிடுவார்.

சூப்பர் டர்போவின் வேகமான அமைப்புகளில் கேம் சில ஃபிரேம்களைத் தாவிப் போகும். சரியாக அழுத்தியும் சில முறை தவறினால் அதற்கு இதுவும் ஒரு காரணம். வேகத்தைக் குறைத்துவைத்துப் பழகுங்கள்.

10. கம்ப்யூட்டரோடு எவ்வளவு ஆடலாம்

கொஞ்சம்தான். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இன் கம்ப்யூட்டர் நம் விதிகளுக்குக் கட்டுப்படுவதில்லை. முன்னால் நடந்து வரும் கைல், சார்ஜ் இல்லாமலே ஃபிளாஷ் கிக் போடுவார். நீங்கள் ஹடூகனை அழுத்தியதுமே குதிப்பார்கள். அதை வெல்லக் கற்கும் தந்திரங்கள் மனிதரிடம் செல்லாது. குறைந்த கடினத்தில் வைத்து, குதிப்பவரை வீழ்த்திப் பழக மட்டும் பயன்படுத்துங்கள்.

11. மனிதர்களோடு

முதலில் பக்கத்தில் உட்காரும் ஆள். சூப்பர் நின்டெண்டோ வெர்ஷனில் வெர்சஸ் மோடில் ஹேண்டிகேப் அமைப்பு உண்டு. தம்பியோ மகளோ புதிதாக ஆட வந்தால் அதைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். ஒருதலையான ஆட்டத்தில் இருவருமே எதுவும் கற்பதில்லை.

ஆன்லைனுக்குப் போகும்போது ரோல்பேக் முறை (எதிராளி அழுத்துவதை ஊகித்து ஓட்டி, தவறினால் பின்னோக்கிப் போய்த் திருத்துவது) உள்ள இடத்தைத் தேர்ந்தெடுங்கள். பழைய ஆர்கேட் கேம்களை ஆன்லைனில் ஆடும் ஃபைட்கேடில் ஜி.ஜி.பி.ஓ என்ற அந்த முறைதான் இருக்கிறது. 2018 தொகுப்பில் ஹைப்பர் ஃபைட்டிங், சூப்பர் டர்போ உட்பட நான்கு கேம்களை மட்டுமே ஆன்லைனில் ஆடலாம், வாங்கும் முன் இது தெரிந்திருக்கட்டும். வைஃபையை விட்டு கேபிள் போடுங்கள். வைஃபையில் சராசரி வேகம் நன்றாக இருந்தாலும் அவ்வப்போது வரும் விக்கல்தான் ஆட்டத்தைக் கெடுக்கிறது.

அங்கே இருப்பவர்களில் பலர் இந்த கேமை ஒருநாளும் விட்டதில்லை. ஆரம்பத்தில் தொடர்ந்து தோற்பீர்கள். வெற்றியை எண்ணாதீர்கள், ஒவ்வொரு செட்டுக்கும் ஒரே வேலை வைத்துக்கொள்ளுங்கள்: இன்று குதிப்பவரை எத்தனை முறை வீழ்த்தினேன் என்பது மட்டும். முடிந்ததும் ரீப்ளேயைப் பார்த்து, எந்த அடியை மூன்று முறைக்கு மேல் வாங்கினீர்கள் என்று எழுதுங்கள். மறுநாள் இரண்டாவது கன்ட்ரோலரை யாரிடமாவது கொடுத்து அந்த அடியை மட்டும் போடச் சொல்லி, தடுக்கப் பழகுங்கள். ஆளை மாற்றும் எண்ணம் வந்தால், அந்த நோட்டில் உள்ள பட்டியலில் பாதியாவது அடித்துக் கழித்த பிறகு மாற்றுங்கள்.